கயிறோடு வந்தவர்

இரண்டு வருடங்களுக்கு முன், சண்டிலிப்பாயில், புரட்டாதி பிறந்தும் ஒரு துளி மழை இல்லை. எங்கள் கிணறு உவராகிவிட்டது. மாடுகள் தண்ணீரை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். புல் இல்லாமல் பனையோலையைக் கிழித்துப் போட்டோம். புண்ணாக்கு விலை ஏற ஏற, மாட்டு விலை இறங்கிக்கொண்டே போனது. ஊரே விற்க நின்றால் வாங்குபவன் ராசாதானே!

மற்ற மாடுகளைக் காப்பாற்ற ஒன்றைக் கொடுத்தே ஆகவேண்டும். சினையாக நின்ற சிவப்பிக்குத்தான் கொஞ்சமாவது விலை வரும். இறைச்சிக்கு மட்டும் கொடுப்பதில்லை என்று நானும் கணவரும் உறுதியாக இருந்தோம்.

முதலில் வந்தவர் தெல்லிப்பழைப் பக்கத்து வாத்தியார். கிறிஸ்தவ வேதக்கார வீடு, மாடு வளர்த்துப் பழக்கமில்லை. மனைவிக்கு ஆசை என்றார், வீட்டுக் கிணறு நல்ல தண்ணீர் என்றார், கேட்ட விலைக்கும் ஒத்துக்கொண்டார். ஆனால் மனுசன் வெறுங்கையோடு நின்றார்.

"கயிறு கொண்டுவரேல்லையோ?"

"உங்கடை கயிறோடையே தாங்கோவன், அக்கா."

எனக்குச் சுருக்கென்றது. மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுக்க மாட்டோம். கொடுத்தால் பட்டியின் லட்சுமியும் கூடப் போய்விடும் என்பார்கள். வளர்க்க வாங்குகிறவர் புதுக் கயிறு கொண்டுவந்து மாற்றிக் கட்டுவார். இவர் வெட்டத்தான் வாங்குகிறார் என்று என் பெரிய மூளைக்குப் பட்டது. மாடு விற்கவில்லை என்று முகத்திலடித்த மாதிரிச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

"உவர் அப்பிடியான ஆள் மாதிரித் தெரியேல்லையப்பா," என்றார் கணவர். உங்களுக்கு என்ன தெரியும் என்று அவர் வாயையும் அடைத்தேன்.

சில நாட்களில் இன்னொருவர் வந்தார். விலை இன்னும் விழுந்திருந்தது. ஆனால் கையில் மஞ்சள் பூசிய புதுக் கயிறு! சிவப்பியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு மாற்றிக் கட்டினார். எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. முடிச்சில் நானே குங்குமம் வைத்தேன். சிவப்பி என் கையை நக்கிவிட்டுப் போனாள்.

அடுத்த கிழமை பக்கத்து வீட்டிலும் மாடு விற்றார்கள். எட்டிப் பார்த்தால் அதே ஆள், அதே கயிறு. நான் வைத்த குங்குமம்கூட முழுதாக அழியவில்லை.

"எங்கடை சிவப்பி எங்கை, அண்ணை?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "அது அண்டைக்கே லொறியிலை ஏத்தியாச்சு, தங்கச்சி."

வயிற்றில் கன்றோடு வெட்டுக்குப் போனவள். வேலியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

மழை பெய்து புல் முளைத்த பிறகு, ஒருநாள் வாசல் படலையில் வாத்தியார் நின்றார். யாரிடமோ விசாரித்திருக்கிறார், கையில் புதுக் கயிறு.

"குறை நினையாதேங்கோ அக்கா, முந்தி எனக்கு உந்தக் கயித்து வழக்கம் தெரியாது. அந்தச் சிவப்பு மாடு இன்னும் நிக்குதோ?"

கணவர்தான் நடந்ததைச் சொன்னார். வாத்தியார் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனார்.

சிவப்பியின் பழைய கயிறு மாட்டுக் கொட்டிலில் இன்னும் தொங்குகிறது. இப்போது மாடு கேட்டு வருகிறவரின் கையை நான் பார்ப்பதில்லை. இருத்தி வைத்து நாலு கதை கதைத்துப் பார்க்கிறேன். அந்தப் புத்தி எனக்கு வருவதற்கு, என்னை நம்பிய ஒரு வாயில்லாச் சீவன் போகவேண்டியிருந்ததே என்பதுதான் இன்றுவரை ஆறவில்லை.