பதினாறு பேரின் பல்செட்டு

அந்த முதியோர் இல்லத்தில் பதினேழு வருஷமாகப் பெரியவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு வந்தவளை எல்லாரும் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். போன வருஷம் நிர்வாகம் அந்த வேலையை ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியிடம் தூக்கிக் கொடுத்தது. கம்பெனி அவளுக்கும் அவளோடு வேலை பார்த்த ஐந்து பேருக்கும் பச்சைச் சட்டை மாட்டி, கையில் மாப்பைத் திணித்தது. "தரையைத் துடை, ஆளைத் தொடாதே" என்பது சட்டம். பெரியக்கா பல்லைக் கடித்துக்கொண்டு துடைத்தாள்.

பதினாறு பெரியவர்களையும் அரைமணியில் கவனித்து முடி என்று கம்பெனி அனுப்பிய புதுப்பெண், ஒருநாள் காலை எல்லாருடைய பல்செட்டையும் ஒரே வாளியில் போட்டுக் கழுவிவிட்டாள். எது யாருடையது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சாப்பாடு ஆறியது. பதினாறு பொக்கை வாய்களும் இல்லத்து மேலாளரைத் திட்டின. நல்லவேளை, அவருக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை.

"அக்கா, கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்றார்.

"நான்தான் ஆளைத் தொடக்கூடாதே, சார்."

"தொடலாம்னு எழுதித் தர்றேன்."

"அது வேண்டாம். எங்க ஆறு பேரையும் பழையபடி இல்லத்து வேலைக்கே எடுத்துக்கறதா எழுதுங்க."

எழுதிக் கையெழுத்தும் போட்டார். பெரியக்கா கையைக் கழுவிக்கொண்டு வாளியருகே உட்கார்ந்தாள். வலது ஓரம் தேய்ந்தது தையல்கார அம்மாவுடையது. முன்பல் உடைந்தது லாரிக்காரருடையது. பத்தே நிமிஷத்தில் வாளி காலி.

பதினாறு பேரும் விட்ட இடத்திலிருந்து திட்டத் தொடங்கினார்கள். இந்தமுறை மேலாளருக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது.