மேம்பாலத்து உச்சியில் நிறுத்திய பஸ்

பிள்ளையாரை நம்பும் அன்பர்களே, இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அனுபவம் சொல்ல வருகிறவர்கள் தங்களுக்கு வந்த துன்பத்தைச் சொல்வார்கள். நான் சொல்லப்போவது என்னால் இன்னொருவருக்கு வந்த துன்பம்.

நான் புசல்லாவையிலிருந்து கண்டிக்கு ஓடும் தனியார் பஸ்ஸின் டிரைவர். பதினெட்டு வருடமாக இதே ரோடுதான். நகரத்துக்குள் நுழையும் சந்தியில் ரோட்டோரமாக ஒரு சின்னப் பிள்ளையார் கோயில் உண்டு. முன்பெல்லாம் எங்கள் பஸ்கள் அங்கே ஒரு நிமிடம் நிற்கும். கொண்டக்டர் கணேசன் இறங்கி ஓடித் திருநீறு வாங்கி வந்து, என் நெற்றியிலும் ஸ்டியரிங்கிலும் பூசுவார். பயணிகள் இருந்த இடத்திலிருந்தே கும்பிடுவார்கள்.

பிறகு அந்தச் சந்திக்கு மேலாக மேம்பாலம் வந்தது. ஊர்ந்து ஊர்ந்து போன இடத்தைக் கண்மூடித் திறப்பதற்குள் கடந்தோம். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் மனசு உறுத்தியது. சாமியின் தலைக்கு மேலே சக்கரத்தை உருட்டிக்கொண்டு போகிறோமே என்று. அதனால் நானாக ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். பாலத்தின் உச்சியில், கோயிலுக்கு நேர் மேலே பஸ்ஸை நிறுத்தி, இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்பேன். நாலைந்து விநாடிதான். பின்னால் ஹோர்ன் அடிப்பார்கள். அடிக்கட்டும் என்று இருப்பேன். பாலத்தில் பஸ் நிற்கும் என்று எவன் நினைப்பான், ஓடுகிறது என்று நம்பித்தானே வருவான் என்று கணேசன் ஒருமுறை சொன்னார். சாமி காரியத்தில் வாய் வைக்காதே என்று அவரை அடக்கிவிட்டேன். பெரிய பக்திமான் அல்லவா நான்.

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை. காலைத் தூறல். கையைத் தூக்கிய நேரம் பின்னால் பெரிய சத்தம். இறங்கி ஓடினேன். ஒரு மோட்டார் சைக்கிள் பஸ்ஸுக்கு அடியில் செருகிக் கிடந்தது. அதை ஓட்டி வந்தவர் நனைந்த ரோட்டில் அசைவில்லாமல் கிடந்தார். பெயர் நிஸாம். கம்பளைக்காரர், கண்டியில் துணிக்கடை ஒன்றில் வேலை. முப்பது வயதுகூட இருக்காது.

பொலிஸ் கேட்டபோது நாய் குறுக்கே வந்தது என்றேன். காலையில் வீட்டில் பூசிய திருநீறு நெற்றியில் அழியாமல் இருக்கும்போதே சொன்னேன். பஸ்ஸில் இருந்தவர்களும் மறுத்துப் பேசவில்லை.

அன்று நான் செய்த முதல் பிரார்த்தனை நிஸாமுக்காக அல்ல. என் லைசன்ஸ் போகக்கூடாது என்றுதான் வேண்டினேன். இதை மறைத்தால் இந்தச் சாட்சிக்கே அர்த்தமில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தலையில் அடி, நினைவு திரும்பவில்லை என்றார்கள். வெளியே கதிரையில் உட்கார்ந்து அவருடைய மனைவி ரிஸானா மடியில் கைகளை ஏந்தி ஓதிக்கொண்டிருந்தார். நான்தான் டிரைவர் என்றதும் எழுந்துகொண்டார்.

"நாய் வந்தா நீங்க என்ன செய்ற, அண்ணன்? நீங்களும் அவருக்காகக் கேளுங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். படிக்கட்டுக்குப் போய் உட்கார்ந்து அழுதேன். பிள்ளையாரப்பா, இந்த மனுசனைக் காப்பாற்று, நூற்றெட்டுத் தேங்காய் உடைக்கிறேன் என்று வேண்டினேன். மனசு ஆறவில்லை. பொய்யை வாயில் வைத்துக்கொண்டு தேங்காயைக் காட்டுகிறாயா என்று உள்ளே ஏதோ கேட்டது. மூன்றாம் நாள் தேங்காய்ப் பேச்சை விட்டேன். உண்மையைச் சொல்கிறேன், அதற்குப் பலம் கொடு, அவருக்கு உயிர் கொடு என்று மட்டும் கேட்டேன்.

ரிஸானாவிடம் போய்ச் சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அங்கிருந்து நேராகப் பொலிஸுக்குப் போய் வாக்குமூலத்தை மாற்றினேன். மறுநாள் காலை நிஸாம் கண் திறந்தார். சிகிச்சையால் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். வைத்தியர்களின் கையையும் கும்பிடுகிறேன். ஆனால் நான் யாரிடம் கேட்டேன் என்று எனக்குத் தெரியும்.

பேச்சு வந்த பிறகு நிஸாம் என்னைக் கூப்பிட்டு, ஏன் நிறுத்தினேன் என்று கேட்டார். சாமி கும்பிட என்றேன்.

"நானும் ஓதிக்கிட்டுத்தான் வந்தேன், அண்ணன்" என்றார்.

லைசன்ஸை ஆறு மாதம் நிறுத்தி வைத்தார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. நிஸாமின் வலது கால்தான் வருத்தம். அது மடங்குவதில்லை. அதற்காகவும் கேட்டேன், இன்றும் கேட்கிறேன். கிடைக்கவில்லை. அதையும் அருள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது லீவு நாளில் பாலத்துக்குக் கீழே நடந்து போய், நின்று நிதானமாகக் கும்பிடுகிறேன். அன்பர்களே, என்னைப்போல் ரோடு ஓடுகிறவர்கள் இருந்தால் கேளுங்கள். பாலத்தில் நிற்காமல் போங்கள். பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார். உங்கள் பின்னால் வருகிறவனும் அவருடைய பிள்ளைதான்.

நிஸாமால் இனி மோட்டார் சைக்கிள் ஓட்ட முடியாது. கம்பளையில் என் பஸ்ஸில்தான் ஏறுகிறார். எனக்குப் பின்னால் உள்ள சீட் அவருக்கு. பாலத்தின் உச்சி வரும்போது அவர் மெல்ல ஓதுவது என் காதில் விழும். நான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டிப் போவேன்.