கைமாறிய பைனாகுலர்

பின்தலையில் இரண்டு கறுப்புப் பட்டை போட்ட வரித்தலை வாத்தைப் பார்க்க நான் போகாத ஊரில்லை. லடாக்கில் மூச்சுத் திணறியதுதான் மிச்சம். கூந்தன்குளத்தில் முந்தின நாளே பறந்துவிட்டதாம். கடைசியில், எங்கள் ஆவடிப் பக்கத்துப் பருத்திப்பட்டு ஏரியிலேயே அது இறங்கியிருப்பதாக வாட்ஸ்அப்பில் தகவல். விடிந்ததும் ஓடினேன்.

கரையோர வீட்டின் மதிலருகே நின்று பைனாகுலரைக் கண்ணில் வைத்ததுதான் தாமதம்.

"யோவ்! காலங்காத்தால எங்க ஊட்ட இன்னாத்துக்குப் பாத்துகினு கீற?"

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் வெளியே வந்துவிட்டார். பறவை பார்க்கிறேன் என்றேன். நம்பவில்லை.

"குடு, நானே பாக்குறேன்" என்று பிடுங்கிக்கொண்டார். பார்த்தார். திட்டுவது நின்றது.

"அய்ய, மண்டைல ரெண்டு கறுப்புப் பட்டை கீதே! ஸ்டெல்லாக்கா, ஓடியா!"

அதேதான்! "ஒரே நிமிஷம் குடுங்கம்மா" என்று கெஞ்சினேன்.

"இரு சார், அக்கா பாத்துக்கட்டும்."

பக்கத்து வீட்டு ஸ்டெல்லாக்கா, அவர் கணவர், பால் வாங்கப் போனவர் என்று தெருவே பார்த்தது. பைனாகுலர் என் கைக்கு வந்தபோது ஏரியில் தண்ணீர் மட்டும் இருந்தது.

எரிச்சலில் வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தப் பெண், "பத்து வருசமா இங்கியே துணி காயப்போடறேன் சார், ஒரு நாளும் அந்தப் பக்கம் பாத்ததில்ல" என்றார். திட்டத் திறந்த வாயால், வாத்து திரும்ப வந்தால் கூப்பிடச் சொல்லி என் நம்பரைக் கொடுத்தேன்.

அவரும் மறப்பதில்லை. அம்பத்தூர் ஆபீஸில் நான் தலைபோகிற வேலையில் இருக்கும்போதுதான் அழைப்பார்: "சார், உன் வாத்து வந்து கீது!" நான் போய்ச் சேர்வதற்குள் அது பறந்திருக்கும். இன்றுவரை நான் அதைப் பார்க்கவில்லை.

ஆனால், அந்த போன் வராத நாளில் எனக்கு வேலை ஓடுவதில்லை.