வெள்ளை மை பூசிய பக்கம்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அதை மறைக்கவும் தெரியாது. அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் ஒரு பெரிய இரசாயனக் கம்பனியின் ஆய்வுகூடத்தில் உட்கார வைத்தது அவர்கள் செய்த தவறு. அதற்கு நான் பொறுப்பில்லை.

நான் சேர்ந்த காலத்தில் கண்டியிலிருந்து ஆட்களை ஏற்றிவர மூன்று பஸ்கள் ஓடின. கடைசியில் ஒரு வேன்தான் மிச்சம், அதுவும் பேராதனையோடு சரி. கலஹாவிலிருந்து வரும் நான் அதைப் பிடிக்க விடிய முன்னமே கிளம்ப வேண்டும். கன்டீனை மூடினார்கள். ஆய்வுகூடத்தில் ஆறு பேர் இருந்த இடத்தில் நான் ஒருத்தி. மருந்தின் வீரியத்தை அளக்கும் இயந்திரம் பழுதாகி, துணி போர்த்திக் கிடந்தது. திருத்த யாரும் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் விற்காமல் திரும்பி வந்த, களையை அழிக்கும் புல் மருந்துக்குக் காலாவதித் திகதி கடந்தது. புதிய திகதியோடு லேபல் ஒட்டித் தோட்டங்களுக்கு அனுப்புவதென்று முடிவெடுத்தார்கள். அதற்கு என் பதிவேட்டில் 'தேறியது' என்று இருக்க வேண்டும். மேலாளர் விற்பனைப் பகுதியிலிருந்து வந்தவர், யாழ்ப்பாணத்துக்காரர். கெட்ட மனிதர் அல்ல, அதுதான் இன்னும் எரிச்சல்.

"மெஷின் இல்லாம எப்படி சார் சோதிக்கிறது?" என்றேன்.

"நல்ல மருந்துதான் பிள்ளை. ஒரு சொல்லு எழுதினா உமக்கு என்ன குறையப்போகுது? இந்த ஓர்டர் போனாத்தான் எல்லாருக்கும் வேலை இருக்கும்."

என்ன குறையும் என்று அவருக்குத் தெரியாது. என் அண்ணன் கலஹாவில் ஒரு தோட்டத்தில் மருந்து அடிக்கிறவர். ஒருமுறை வீரியம் போன மருந்தைக் கொடுத்தார்கள். புல் காயவில்லை. மருந்தை யாரும் குறை சொல்லவில்லை. தண்ணீரைக் கூடுதலாகக் கலந்துவிட்டாய் என்று சொல்லி, மறுபடி அடிக்க வைத்து, அந்த நாளுக்கு அரைப் பேர் போட்டார்கள். முழு நாள் உழைப்புக்குப் பாதிக் கூலி. அன்று அவர் சாப்பாட்டைத் தொடவில்லை. "நான் சரியாத்தான் கலந்தேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

'சோதிக்கவில்லை' என்று அழுத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை பதிவேட்டைத் திறந்தால், அந்தக் கட்டத்தில் வெள்ளை மை பூசியிருந்தது. அதன்மேல் 'தேறியது'. கீழே என் கையெழுத்து அப்படியே இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் வேலையில் எழுதியதை அழிக்கக் கூடாது. பிழை என்றால், அது தெரியும்படி ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முதல் நாளே சொல்லித்தருகிற பாடம் இது. வெள்ளை மை ஆய்வுகூடத்துக்குள் வரவே கூடாது. காலமெல்லாம் போத்தல் விற்ற மனிதருக்கு இது எங்கே தெரியும்?

பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு களஞ்சியத்துக்குப் போனேன். லொறி வாசலில் நின்றது. களஞ்சியப் பொறுப்பாளர் திகனக்காரர். முஸ்லிம் என்பதால் எங்கள் எல்லாருக்கும் அவர் நானா, அண்ணன் முறை. பதிவேட்டைத் தன் கண்ணால் பார்க்காமல் ஒரு போத்தலையும் வெளியே விடமாட்டார்.

"தேறியதெண்டுதானே ஈக்கிது தங்கச்சி?"

"பக்கத்தப் பிரட்டிப் பாருங்க நானா."

நான் அழுத்தி எழுதியது பின்பக்கத்தில் இடம் வலம் மாறிப் புடைத்துத் தெரிந்தது. விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சாவிக்கொத்தைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"இந்தச் சாமான் போகாது. ட்ரைவர இறங்கி டீ குடிக்கச் சொல்லுங்க."

மேலாளர் ஓடி வந்தார். "கம்பனி மூடினா நீர் பதில் சொல்லுவீரோ?"

"பொய் சொல்லித்தான் ஓடணும்னா மூடட்டும் சார்."

அவர் முன்னாலேயே 'தேறியது' மேல் ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் மறுபடியும் 'சோதிக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கோடு நேராகத்தான் விழுந்தது.

அடுத்த ஆட்குறைப்புப் பட்டியலில் என் பெயர் முதலாவதாக இருந்தது. பதிவேட்டை ஒப்படைக்கும்போது, பொறுப்பேற்பவர் அதில் உள்ளதை ஏற்றுக்கொண்டதாக ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட வேண்டும். ஏற்க வேறு ஆளில்லை, மேலாளர்தான். மளமளவென்று போட்டுக்கொண்டு வந்தவர் வெள்ளை மை பூசிய பக்கத்தில் நின்றார்.

"இதுக்கும் போட வேணுமோ?"

"போடணும் சார்."

என் பேனாவை நீட்டினேன். போட்டார். வெளியே வரும்போது களஞ்சியத்தை எட்டிப் பார்த்தேன். மருந்து பழைய லேபலோடு அடுக்கில் இருந்தது.

வீட்டில் அண்ணன் சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

"வேல போயிருச்சுண்ணே," என்றேன். "ஆனா அந்த மருந்து ஒங்ககிட்ட வராது."

அவர் தட்டை நீட்டி, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார்.