ஊசி பொறுக்கும் காந்தம்

குஷன் கடையில் அவளுக்குப் பூனை என்று பெயர். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. தையல் மெஷின் ஓடுகிற சத்தத்தை வைத்துத்தான் ஆள் இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். சோபா உறையோ கார் சீட்டோ, எது வந்தாலும் குனிந்த தலை நிமிராமல் தைப்பாள். பக்கத்தில் யாராவது வம்பு பேசினால் காது மட்டும் அங்கே போய்விட்டு வரும்.

அப்படிப்பட்டவள் ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆசைப்பட்டாள் என்றால் கடையில் ஒருத்தரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஒருநாள் பழைய வண்டி ஒன்று சீட்டின் ஓரம் கிழிந்து வந்தது. இரண்டே இருக்கை, துணிக்கூரை, இடுப்பளவுகூட இல்லாத உயரம். தைத்துக் கொடுத்தபின் வேடிக்கை பார்க்க வாசலுக்கு வந்தாள். தெருமுனையில் திரும்பும்போது அந்த வண்டியின் பின்பக்கம் லேசாக அமர்ந்து, தரையை உதைத்துக்கொண்டு கிளம்பியது. மற்ற கார்களையெல்லாம் முன்சக்கரம் இழுத்துக்கொண்டு போகிறது, இதைப் பின்சக்கரம் தள்ளுகிறது என்று முதலாளி விளக்கினார். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. உள்ளே என்னவோ ஒன்று அந்த வண்டியோடு திரும்பிப் போய்விட்டது.

அதன்பிறகு சாப்பாட்டு நேரத்தில் போனில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கத் தொடங்கினாள். படிப்பைப் பாதியில் விட்டவள், எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஆனால் பார்த்தது மறக்காது. அந்த மாதிரி வண்டிகள் கதவுக்குக் கீழே ஓடுகிற தகட்டில்தான் முதலில் துருப்பிடிக்கும். காலடி விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் ஈரம் இருக்கும். எஞ்சின் சூடாவதற்கு முன் இரண்டாவது கியர் கரகரவென்று முரண்டு பிடிக்கும். பின் அச்சில் தேய்மானம் இருந்தால் வேகம் ஏற ஏறக் கொசு மாதிரி ரீங்காரம் கேட்கும். மழை ரோட்டில் வளைவில் அவசரப்பட்டு மிதித்தால் வால் பக்கம் வழுக்கிக்கொண்டு முன்னால் வரப் பார்க்கும். அப்போது பயந்து பிரேக்கில் கால் வைக்கக்கூடாது. எல்லாம் மனப்பாடம்.

வீட்டில் அக்காவும் அவளும்தான். அக்காவுக்கு இளவயதிலேயே ஒரு காய்ச்சலில் கால்கள் போய்விட்டன. சக்கர நாற்காலி. ஆனால் வாய் இரண்டு பேருக்குப் போதும். டாக்சி கம்பெனிக்காக வீட்டிலிருந்தே போன் எடுத்து வண்டி அனுப்புவது அவள் வேலை; கோபமாகப் பேசுகிறவனையும் சிரிக்க வைத்துத்தான் போனை வைப்பாள். இவர்களிடம் பெட்டி மாதிரி உயரமான பழைய கார் ஒன்று இருந்தது. நாற்காலிக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு அக்கா தானே நகர்ந்து ஏறிவிடுவாள். யாரும் கை கொடுக்கக்கூடாது, கொடுத்தால் முறைப்பாள். மடித்த நாற்காலி பின்னால் போகும். அந்தக் கார்தான் எஞ்சின் பிளந்து உட்கார்ந்துவிட்டது.

வேறு வண்டி வாங்க இருவருடைய சேமிப்பையும் சேர்த்தாயிற்று. வண்டி விஷயம் எனக்கென்ன தெரியும், நீயே பார்த்து எடு என்று அக்கா சொல்லிவிட்டாள். தினமும் சாயங்காலம் கேட்பாள், வண்டி பார்த்தாயா என்று. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று இவள் சொல்வாள். அது பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால்கூட அவளுக்கு இப்படி உறுத்தியிருக்காது.

கரும்பச்சையில் ஒன்று விலைக்கு வந்தது. விற்பவர் கப்பலில் எஞ்சின் பார்த்து ஓய்வு பெற்றவர். முட்டி வளைய மறுக்கிறது, உட்கார்ந்தால் எழ முடியவில்லை, அதனால்தான் கொடுக்கிறேன் என்றார். சும்மா பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனாள். மறுபடியும் போனாள். அவரும் சலிக்காமல் ஷெட்டைத் திறந்து காட்டினார்.

அவள் பையில் ஊசி பொறுக்கும் காந்தம் எப்போதும் இருக்கும், கடையில் தரையில் சிந்துகிற குண்டூசிகளை எடுக்க. அதற்குப் பெயிண்ட் கீறாமல் ஒரு மெல்லிய துணி உறை தைத்துப் போட்டிருந்தாள். தகட்டின் மேல் வைத்தால் சட்டென்று ஒட்டும். துருவை மறைக்கப் பட்டி பூசிய இடத்தில் பிடிப்பில்லாமல் விழும். வண்டியைச் சுற்றி மண்டிபோட்டு அங்குலம் அங்குலமாக வைத்துப் பார்த்தாள். எங்கேயும் விழவில்லை. விரிப்பின் கீழே ஈரமில்லை. ஓட்டிப் பார்த்தாள், ரீங்காரமில்லை.

"டிக்கியத் தொறந்து காட்டவாம்மா?" என்றார் அவர்.

"வேணாங்க."

அதுதான் அவள் பார்க்காமல் விட்ட ஒரே இடம். பார்க்கத் தேவையில்லை. அக்காவின் நாற்காலிக்குத் துணி நைந்தபோதெல்லாம் புதிதாகத் தைத்துப் போட்டவள் அவள். அதன் அகலம் நீளம் அவள் விரல்களுக்குத் தெரியும்.

"ரெண்டே சீட்டு. குடும்பத்துல ஆளுங்க ஜாஸ்தின்னா சங்கடம். உங்க வீட்ல எத்தன பேரு?" என்று கேட்டார்.

"யாருமில்ல. நான் மட்டும்தான்."

எப்படி வந்தது அந்த வார்த்தை என்று அவளுக்கே புரியவில்லை. நாக்கு தானாகப் புரண்டுவிட்டது. அவர் முகம் மலர்ந்து, அப்படியானால் உங்களுக்கென்றே செய்த வண்டி, பக்கத்து சீட்டில் பையை வைத்துக்கொள்ளலாம் என்றார். வீடு வரும்வரை அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அக்கா கையிலிருந்து காப்பி டம்ளரை வாங்கும்போது விரல் பட்டுவிடப்போகிறது என்று விளிம்பைப் பிடித்து வாங்கினாள்.

அந்த வாரமே ஒரு காலையில் அவள் குளிக்கப் போயிருந்தபோது போன் அடித்தது. போனைப் பார்த்தால் சும்மா இருக்காதே அக்காவின் கை. எடுத்துவிட்டாள். அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது அக்கா வேலை மேஜையருகே அந்தப் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"கப்பல்காரர் பேசினாரு. தனியா இருக்கற அம்மாதானேன்னு கேட்டாரு. இந்த வீட்ல தனியா இருக்கறவங்க ரெண்டு பேரு, உங்களுக்கு எவ வேணும்னு கேட்டேன். மனுஷன் பயந்துட்டாரு."

சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். இவளால் சிரிக்க முடியவில்லை. துண்டு கையிலேயே இருந்தது. மென்று விழுங்கி, எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா கேட்டு முடித்துவிட்டு, "எனக்காக நீ ஸ்கூல விட்டப்போ உன்ன யாரும் கேக்கல. ஒரு வண்டி வாங்கறதுக்கு இப்படி நடுங்குறியேடி. வா, நானும் பாக்கறேன்" என்றாள்.

திட்டியிருந்தால் தேவலை.

சனிக்கிழமை கம்பெனி டாக்சியில் போய் இறங்கினார்கள். நாற்காலியைப் பார்த்ததும் கப்பல்காரர் இவள் முகத்தைப் பார்க்காமல் நேரே வண்டியிடம் போய் டிக்கியைத் திறந்தார். உள்ளே பாதி இடத்தை உபரிச் சக்கரம் அடைத்திருந்தது. நாற்காலியை மடித்தார். திருப்பிப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார், சக்கரத்தைக் கழற்றி வைக்கலாமா என்று யோசித்தார். நல்ல மனுஷர், விடாமல் முயன்றார். போகாது என்று தெரிந்தே அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கடைசியில் நாற்காலி ஷெட்டிலேயே நின்றது.

பலகை போட்டு நகர முடியாத தாழ்வு. அவரும் அவளுமாக அக்காவைத் தூக்கித்தான் உட்கார வைக்க வேண்டியிருந்தது. அக்கா இருவர் கழுத்தையும் கட்டிக்கொண்டு, கிணற்றில் வாளியை இறக்குகிற மாதிரி இறக்குகிறீர்களே என்று கேலி செய்தாள். காது மட்டும் சிவந்திருந்தது.

அக்காவும் தங்கையும் ஏரிவரை போனார்கள். இரவு பெய்த மழையில் ரோடு நனைந்திருந்தது. வளைவில் வால் கொஞ்சம் வழுக்கியது. அவள் காலைத் தளர்த்தி ஸ்டியரிங்கை மெல்லத் திருப்பிப் பிடித்ததும் வண்டி சொன்ன பேச்சு கேட்டது. அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று. தன்மேல் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது போலிருந்தது அவளுக்கு. வாங்கிவிடலாம் என்றே அந்த நிமிஷம் நினைத்தாள்.

கரையில் நிறுத்தினாள். "வா, எறங்கிக் கொஞ்ச நேரம் உக்காரலாம்" என்று அக்கா வழக்கம்போல் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தாள். திறந்த கதவு அப்படியே நின்றது. நாற்காலி ஷெட்டில் இருந்தது.

"பரவால்ல. இங்கேருந்தே நல்லாத் தெரியுது" என்றாள் அக்கா.

அவள் குனிந்து அக்காவின் தலையளவுக்குத் தன் தலையைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். அங்கிருந்து தெரிந்தது கரைமேல் கட்டிய கைப்பிடிச் சுவர் மட்டும்தான். சிமெண்டு பெயர்ந்த சுவர்.

சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். டாக்சியில் வரும் வழியெல்லாம், பேசாமல் வாங்கு, எனக்கு வேண்டுமானால் கம்பெனி டாக்சி இருக்கிறது என்று அக்கா சொல்லிக்கொண்டே வந்தாள். தங்கை தியாகம் செய்துவிட்டதாக அவள் நினைத்துவிடப்போகிறாளே என்பதுதான் இவளுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. அன்று அந்தப் போனை அக்கா எடுக்காமல் இருந்திருந்தால் வண்டி இந்நேரம் வீட்டு வாசலில் நின்றிருக்கும். அது அவளுக்குத் தெரியும்.

அடுத்த வாரம் பெட்டி மாதிரி ஒரு வேன் பார்க்கப் போனார்கள். சாம்பல் நிறம், தள்ளித் திறக்கும் கதவு. நாற்காலி உள்ளே போனது, பலகையும் சரியாக உட்கார்ந்தது. இவள் ஒரு சுற்று சுற்றிவிட்டு, சரி, எடுத்துக்கொள்கிறோம் என்று விற்கிறவனிடம் சொல்ல வாயெடுத்தாள்.

"ஏண்டி" என்றாள் அக்கா நாற்காலியிலிருந்து, மெதுவாகத்தான். "அதுக்கு மட்டும் அவ்வளவு பாத்த. இதுக்கு ஒண்ணும் பாக்கலையே?"

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பையைத் துழாவிக் காந்தத்தை எடுத்தாள். மண்டிபோட்டு, முன்சக்கரத்தின் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். தகட்டைத் தடவிக்கொண்டே வந்தாள். தள்ளுகதவின் கீழே வைத்தபோது காந்தம் நிற்காமல் நழுவி மண்ணில் விழுந்தது.

"விழுந்துடுச்சா?"

"விழுந்துடுச்சுக்கா. உள்ள பட்டிதான்."

"அப்ப வேற பாரு" என்றாள் அக்கா. "பொறுமையாப் பாரு. பாக்கப் போறப்பல்லாம் என்னயும் கூட்டிட்டுப் போ."

அவள் காந்தத்தின் உறையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தாள். அக்காவின் முகத்தைப் பார்க்க இன்னும் தைரியம் வரவில்லை. பின்னால் போய் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.