காரில் போன சோறு

எங்கள் தோட்டத்து ரப்பர் மரங்களையெல்லாம் வெட்டி, தாமான் என்று குடியிருப்புக் குடியிருப்பாக வீடுகள் கட்டிவிட்டார்கள். ஜனம் பெருகிவிட்டது. பெரிய ரோட்டுக்குப் போகிற வழி மட்டும் அந்தக் காலத்து லாரிப் பாதைதான். விடிந்தால் போதும், எங்கள் சந்து முனையிலிருந்தே கார்கள் அசையாமல் நிற்கும்.

என் மகளுக்குச் சிரம்பான் பக்கம் தொழிற்சாலை வேலை. பஸ்ஸோ எல்லாத் தாமானையும் சுற்றிக்கொண்டுதான் போகும். பலமுறை பிந்திப் போய்விட்டாள். இன்னொரு தடவை பிந்தினால் வேறு வேலை பார்த்துக்கொள் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். அதிலிருந்து இருட்டோடு எழுந்து முதல் பஸ்ஸுக்கு ஓடினாள்.

ஒரு நாள் அசந்து தூங்கிவிட்டாள். முதல் பஸ் போய்விட்டது. அவள் உள்ளே அவசரமாகத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண் எஞ்சினை ஓடவிட்டு, கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அதே பக்கம்தான் வேலை. காரில் அவள் ஒருத்திதான். ஓர் இடம் கேட்கலாம். எனக்குத்தான் வாய் வரவில்லை. நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசுவதென்றால் எனக்கு வேர்த்துவிடும்.

நாங்கள் ரப்பர்க் காட்டு வேலைக்குப் போன காலத்தில், லாரி கிளம்புவதற்கு முன்னாலேயே தூக்குச்சட்டியை அதில் வைத்துவிடுவோம். ஆள் பின்னால் வருகிறாள், விட்டுவிட்டுப் போகாதே என்று அதற்கு அர்த்தம். டிரைவரும் காத்திருப்பார். அந்தப் பழக்கத்தில் மகளின் சாப்பாட்டுச் சட்டியைக் கொண்டுபோய்க் காரின் முன் சீட்டில் வைத்தேன். அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்துவிட்டு வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

அவளும் சிரித்தாள். "தேங்க்ஸ் ஆன்ட்டி!" என்று கையை ஆட்டிவிட்டுக் கிளம்பியே போய்விட்டாள்.

"மா, என் சோறு எங்க?"

"அந்தா போகுது. ஒனக்கு எடம் பிடிக்க வச்சேன்டி."

"எடமா? வாயத் தொறந்து கேக்க வேண்டியதுதானே!"

நல்லவேளை, சந்து முனையில் வழக்கமான ஜாம். கார் அங்கேயே நின்றது. மகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நானும் பின்னாலேயே ஓடினேன். விஷயத்தைக் கேட்டதும் பக்கத்து வீட்டுக்காரி ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தாள்.

"எனக்குன்னுல்ல நெனச்சேன்! நெத்திலி வாசம் வேற தூக்குது. ஏறு தங்கச்சி."

பின்னால் நின்ற காரிலிருந்து கடைசி வீட்டுத் தம்பி தலையை நீட்டினார். "என்னக்கா, கார்லயே சாப்பாட்டுக் கடையா?"

"ஒனக்கும் அங்கதானே வேலை? ஒத்த ஆளுக்கு எதுக்கு ஒரு காரு? ஓரமா போட்டுட்டு வா லா!"

பக்கத்து வீட்டுக்காரி இப்படிக் கூப்பிட்டதும் அவரும் காரை ஓரங்கட்டிவிட்டு வந்து ஏறிக்கொண்டார்.

கார் நகர்ந்து நகர்ந்து பெரிய ரோட்டில் ஏறும்வரை நின்று பார்த்தேன். பிறகு வீட்டில் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோப்பி ஆறிப்போயிற்று. ஒருவழியாக போன் அடித்தது.

"வந்துட்டேன்மா. இன்னும் மணி அடிக்கல. மூணு பேரும் தேத்தண்ணி குடிக்கிறோம்."

ஜாம் ஒழிந்துவிடவில்லை. ஆனால் எங்கள் சந்தில் வாரத்துக்கு ஒருவர் கார் என்று இப்போது முறை வைத்துக்கொண்டார்கள். பின் சந்திலும் அப்படியே செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். முனையில் நிற்கும் வரிசை கொஞ்சம் குறைந்திருக்கிறது. மகளின் வேலை நிலைத்துவிட்டது. விடிந்து, நான் போய்த் தட்டினால்தான் இப்போது எழுந்திருக்கிறாள்.