கிணற்றுக்குள் மூன்று நாள் இருந்த மாலை

ஈரச் சாக்கின் வாடையும் மல்லிகை மணமும் கலந்து கிணற்றுக்குள்ளிருந்து ஏறி வந்த அந்தக் குளிர்ந்த காற்று, ஜப்பான்காரன் எங்கள் நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்தை நினைக்கும்போதெல்லாம் முதலில் என் மூக்குக்குத்தான் வருகிறது. யான் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளின் வாசல்களில் இருந்த பூச்செடிகளைப் பிடுங்கிவிட்டு, அரிசி கிடைக்காததால் மரவள்ளி நட்டிருந்தோம். மிச்சம் கோயிலடியில் ஆறே மல்லிகைச் செடி. மணமானவர்களை, ஜப்பான்காரன் சயாமில் போட்ட ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப் போவதில்லை என்று ஒரு பேச்சு பரவியிருந்ததால், கோத்தா கோலா மூடா என்ற ஊரில் இருந்த மாப்பிள்ளைக்கு என் அக்கா சாரதாவை அவசரமாக நிச்சயித்தார்கள். அந்த ஆறு செடியின் மொட்டுகளையும் பறித்து, நூல் கிடைக்காமல் வாழைநாரில், அம்மா இரண்டு மாலை கட்டினாள். மாலைக்கு இருநூற்றுப் பத்து மொட்டு, எண்ணியவன் நான்.

குறித்த நாளில் மாப்பிள்ளை வரவில்லை. சாலையை மறித்திருக்கிறார்கள் என்று செய்தி மட்டும் வந்தது. இனிப் பறிக்க மொட்டில்லை என்பதால், அம்மா மாலைகளை ஈர வாழைப்பட்டையில் கிடத்தி, இலையும் நனைத்த சாக்கும் மூடி, கூடையோடு கிணற்றில் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே தொங்கவிட்டாள். வாடிவிடுமோ என்ற பயத்தில் நாளுக்கு ஏழெட்டு முறை கூடையை இழுத்துப் பார்த்த நான், இரண்டாம் நாள் ஒரு குவளைத் தண்ணீரைப் பூவின் மேலேயே ஊற்றிவிட்டேன். மறுநாள் காலையில் நாற்பத்தொரு பூ பழுப்பேறியிருந்தது.

"பூ நனையக் கூடாதுடா, பூவைச் சுத்திதான் குளிரணும்" என்று அம்மா என் தலையில் குட்டினாள். பக்கத்து வீட்டு அஞ்சலையக்கா, "மூணு நாளா மாலை அங்கதான் கெடக்கு, கிணத்துக்குத்தான் கல்யாணம் போலலா" என்று கேலி செய்தாள். அக்கா அம்மா பக்கம் திரும்பினாள்.

"பூ வாடினா வாடட்டும்மா, ஆளு வந்தா போதும்."

அன்று நண்பகலில் மாப்பிள்ளை வயல் வரப்புகளிலேயே நடந்து, முழங்கால் வரை சேற்றோடு வந்து சேர்ந்தார். பழுப்புப் பூக்களை உட்புறம் திருப்பி மாலை மாற்றினார்கள்.

கல்யாணமான பதினெட்டாம் நாள், ரயில் வேலைக்கு ஆள் பிடிக்கும் லாரி வந்தது. கல்யாணம் ஆனவரா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏறிய இருபத்தாறு பேரில் நான்கு பேர் திரும்பினார்கள். அத்தான் அதில் இல்லை. இறந்ததாகவும் செய்தி வராததால், பூவை எடுத்துவிடும்படி அக்காவிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. உயிரோடு இருந்தவரை அவள் வாழைப்பட்டையில் பூவைப் பத்திரப்படுத்தி, ஒரு நாள் தவறாமல் சூடினாள்.

லயம் இருந்த இடத்தில் இன்று எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை நிற்கிறது. என் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் மல்லிகை எட்டு நாள் கெடாமல் இருக்கிறது, எண்ணித்தான் சொல்கிறேன். சூடிக்கொள்ளத்தான் அக்கா இல்லை.